ஒன்றரை அங்குலம்

அந்தப் பிரான்ஸ் மாப்பிள்ளையின் போட்டோ முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. "அவ்வளவு தூரத்துக்குப் புள்ளைய அனுப்ப ஏலாது" என்று அம்மா திருப்பிக் கொடுத்தாள். கண்டி தையல் கடையில் என் பக்கத்து மெஷினில் இருந்த நிலூஷாவுக்கு அதிர்ஷ்டம் அடித்தது.

மூன்று வருடமாக அவள் எல்பெஃப் என்ற ஊரில் இருக்கிறாள். சேன் ஆற்றங்கரையில், ஒரு காலத்தில் கம்பளித் துணிக்குப் பேர்போன ஊர். பழைய துணி ஆலை ஒன்றை வீடுகளாக மாற்றியிருக்கிறார்களாம். அதில் மூன்றாம் மாடியில் மகாராணி குடியிருக்கிறாள். புசல்லாவை பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றபடி, போன் மேப்பில் அந்த ஊர்த் தெருக்களை நான் சுற்றாத நாள் இல்லை. துணி ஊரில் இருந்துகொண்டு அவள் ஊசியையே தொடுவதில்லையாம். நான் இன்னும் மெஷின் மிதிக்கிறேன். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

போன மாதம் வீடியோவில் பேசினாள். "தர்ஷனா, நாத்தனார் கல்யாணத்துக்கு ஒரு ஜாக்கெட்டு தச்சு அனுப்புடி. அளவுதான் ஒங்கிட்ட இருக்கே."

"பழைய அளவு சரியா வருமா?"

"அதேதான்."

அளவுப் புத்தகத்தில் மார்பு முப்பத்தாறு. வெட்டும்போது வேண்டுமென்றே ஒன்றரை அங்குலம் குறைத்தேன். சபையில் மூச்சு முட்டி நிற்கட்டும் என்றுதான். பிறகு பிரித்து விட்டுக்கொள்ள உள்ளே கொஞ்சம் துணி மடித்து வைப்பது எங்கள் கடை வழக்கம். அதையும் ஒட்ட நறுக்கினேன். கொக்கி வைக்கும்போது கை கூசியது. ஆனாலும் தைத்து முடித்து அனுப்பிவிட்டேன்.

கல்யாணத்தன்று வீடியோவில் வந்தாள். ஜாக்கெட் ஒரு சுருக்கமில்லாமல் உடம்பில் உட்கார்ந்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கெடுத்ததுகூட அவளுக்கு வாய்த்துவிடுகிறது.

"எப்படிடி தெரிஞ்சது ஒனக்கு?" என்றாள்.

"என்னது?"

"ரெண்டாவது தடவையும் கரு தங்கலடி. அதுல இருந்து சாப்பாடே எறங்கல. எளச்சுட்டேன். ஒரே வீட்டுல இருக்கிறவங்க யாரும் கவனிக்கல. ஒங்கிட்டயும் பழைய அளவுன்னுதான் சொன்னேன். நீ மட்டும் கண்டுபிடிச்சு சின்னதா தச்சிருக்க."

நகையும் பூவுமாக நின்று அழுதாள். பதிலுக்குக் காத்திருந்தாள்.

"வீடியோவுல மொகத்தப் பாத்தேன்டி" என்றேன்.

மூன்று வருடமாக வீடியோவில் அவளுக்குப் பின்னால் தெரிந்த வீட்டைத்தான் பார்த்திருக்கிறேன்; ஒரு தடவைகூட நான் அவள் முகத்தைப் பார்த்ததில்லை.