கீழேயிருந்து வந்த பதில்

மரம் வெட்டுகிற தொழிலில் வாய்தான் முக்கியம், கை அப்புறம். சிரிக்காதீர்கள், விஷயம் அப்படி. மேலே இருப்பவனுக்கு இலை மறைக்கும், கீழே யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. கீழே இருப்பவளுக்கு மேலே எந்தக் கிளையில் அறுக்கிற மெஷின் இருக்கிறது என்று தெரியாது. அதனால் அவன் “வெட்டவா?” என்று கேட்பான். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே வந்து நின்றுகொண்டு அவள் “வெட்டு!” என்பாள். கிளை விழுந்து மெஷின் அணைந்ததும் அவள் “வரவா?” என்பாள். “வா!” என்று அவன் குரல் கேட்ட பிறகுதான் உள்ளே கால் வைப்பாள். இடுப்பு வார், ஹெல்மெட் எல்லாம் சரிதான், ஆனால் இருவரின் உயிரும் கிடந்தது இந்த நாலு வார்த்தையில்.

வீட்டில் புருஷனை ‘நீங்க, வாங்க’ என்பவள்தான். மரத்தடியில் மட்டும் ‘வெட்டு’. மரியாதை கொடுத்துக் கத்தினால் மூச்சு வாங்கும். அவளுக்குச் சைரன் என்று பட்டப்பெயர் வைத்தவனே அவன்தான். அந்தக் குரல் அப்படி. உச்சிக்குப் போகும்போது கடைசியில் லேசாக ஒரு கீறல் விழும்.

அவர்கள் அந்த நாலு வார்த்தைக்கு மேல் பேசிக்கொண்டு மாசக்கணக்காகிறது. ஒருநாள் மேலே அவன் கால் வழுக்கி, வாரில் தலைகீழாகத் தொங்கினான். கயிறு பிடித்துக்கொண்டது. கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். அன்று சாயங்காலம் அவளுக்குச் சொல்ல இருந்தது ஒன்றே ஒன்று: பயமா இருக்குங்க, இனிமே ஏறாதீங்க. அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லாமல், சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்ததற்குத் திட்டு திட்டென்று திட்டினாள். “நான் செத்தாலும் நீ சட்டைக்குத்தான் அழுவே” என்று அவன் எழுந்து போனான். போனது போனதுதான். சோறு வைத்தால் சாப்பிட்டான், விளக்கணைத்தால் படுத்தான், வாய் திறக்கவில்லை. இவளுக்கும் வீம்பு.

இப்போது வந்திருக்கும் வேலை, மூடிக்கிடந்த ஒரு விடுதியின் முற்றத்தில். மூன்று பக்கமும் ஜன்னல் உடைந்த சுவர், நடுவில் கிழட்டு மரம். அதன் பெரிய கிளை பின்சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேல் நீண்டிருந்தது. அதில் யாரோ பாதி வெட்டு போட்டு விட்டுவிட்டிருந்தார்கள். காற்றடித்தால் வெட்டுவாய் முனகியது. கூரைக்குக் கீழே யாரோ குழந்தைக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“இதை எந்தப் புண்ணியவான் பாதியில விட்டுட்டுப் போனது?” என்று அவள் வாட்ச்மேனைக் கேட்டாள்.

“அண்ணன் தம்பிங்கம்மா. அவங்களுக்குள்ளேயே தகராறு. நீ சொன்னேங்கிறான் ஒருத்தன், நான் சொல்லவே இல்லைங்கிறான் இன்னொருத்தன். கைகலப்பாயி, சாமானை அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க.”

அவன் சுத்தியலால் அடிமரத்தைத் தட்டிப் பார்த்தான். உள்ளே பொள்ளல். இடுப்புயரத்தில் ஒரு பொந்து, ஆள் தலை நுழையும் அளவுக்கு. அவன் தட்டுவதை நிறுத்திய பிறகு உள்ளிருந்து இன்னொரு தட்டு கேட்டது. சுவரில் எதிரொலிக்கிறது போலும் என்று அவன் மேலே ஏறினான்.

காலையிலேயே அது நடந்தது. எல்லைக்குள் விழுந்த சுள்ளிகளை அவள் இழுத்துக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழவில்லை. தாகத்துக்குப் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் நிறைய ஊற்றியிருந்தாள். மெஷின் உறுமியது. தொடை கனத்துக்கு ஒரு கிளை அவள் தோளை உரசிக்கொண்டு வந்து மண்ணில் குத்தி நின்றது.

வாய்த் தண்ணீரைத் துப்பிவிட்டு அவள் கத்திய கத்தலுக்கு வாட்ச்மேன் ஓடி வந்தார். “கொலைகாரப் பாவி! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?”

அவன் சரசரவென்று இறங்கினான். முகத்தில் ரத்தமே இல்லை. “நீதானே ‘வெட்டு’ன்னு சொன்னே?”

“வாயில தண்ணிய வச்சுக்கிட்டு எப்படிய்யா கத்துவேன்?”

“கேட்டுச்சு. உன் குரல்தான். உன் குரல் எனக்குத் தெரியாதா?”

அண்ணன் தம்பி கதை இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அவன் கண்ணுக்குத் தெரிகிற தாழ்ந்த கிளையில் ஏறி நின்றான். அவள் அவனைப் பார்த்தபடி இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

“வெட்டவா?” என்றான்.

“வெட்டு!” என்று அவளுடைய குரல் சொன்னது. கடைசியில் அந்தக் கீறலோடு. பொந்துக்குள்ளிருந்து.

அவள் வாயிலிருந்து கையை எடுக்கவே இல்லை. வாட்ச்மேன் செருப்பை விட்டுவிட்டே போய்விட்டார், கேட்டுக்கு வெளியே.

“போயிடலாம்” என்றான் அவன். மாசக்கணக்குக்குப் பிறகு அவளிடம் தானாகச் சொன்ன முதல் வார்த்தை.

அவளுக்கும் ஓடத்தான் கால் துடித்தது. அப்போது பெரிய கிளை மறுபடி முனகியது. சுவருக்கு அந்தப் பக்கம் தாலாட்டு நின்று, குழந்தை சிணுங்கியது. பாதி வெட்டிய கிளையை ஒருமுறை பார்த்த பிறகு விட்டுவிட்டுப் போவதாவது! கீழ்க்கிளைகளை எடுக்காமல் அதை நெருங்கவும் முடியாது. கயிற்றை இழுத்துச் சைகை காட்டலாமென்றால், பாரம் தொங்குகிற கயிறு எப்போதும் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

அவள் அவனைத் தெருவரை இழுத்துக்கொண்டு போய்க் காதோடு சொன்னாள். “அது கேட்டதைத்தான் திருப்பிச் சொல்லுது. நான் ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு சொல்றேன். நமக்குள்ளதா, இதுவரைக்கும் நான் சொல்லாததா. அதைக் கேட்டா மட்டும் வெட்டுங்க.”

“அப்படிச் சொல்லாதது உன்கிட்ட எவ்வளவு இருக்கும்?” என்றான்.

“ஏறிப் பாருங்க.”

“வெட்டவா?” என்று மேலேயிருந்து வந்தது. “வெட்டு!” என்றது பொந்து உடனே. அவன் அசையவில்லை. அவள் எல்லைக்கு வெளியே நின்று மூச்சை இழுத்தாள். நாக்கு நுனிக்கு வந்தது வேறு. அதை விழுங்கிவிட்டுக் கத்தினாள்.

“உங்க அக்கா குடுத்த பச்சைச் சட்டை தொலைஞ்சு போகல! நான்தான் தரை துடைக்கப் போட்டேன்!”

இலைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு. “அடிப்பாவி!” மெஷின் உறுமியது.

அதற்கப்புறம் என்னென்னவோ சொன்னாள். சோறு கருகியதற்கு அடுப்பு காரணமில்லை, நான்தான் தூங்கிப்போனேன் என்றாள். மீசை கோணல், கல்யாணத்தன்றே கோணல், ஃபோட்டோவில் பாருங்கள் என்றாள். எதிர்வீட்டுக்காரியிடம் உங்களைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசுவேன் என்று கத்தும்போது அவளுக்கே வெட்கமாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் அவன் மேலே சிரித்தான், பிறகு வெட்டினான். ஒவ்வொரு தடவையும் அந்த ஒன்று முதலில் நாக்கில் வந்து நின்றது. சைரனாவது, பயப்படுவதாவது! அவள் அதை விழுங்கினாள், வேறொன்றைச் சொன்னாள்.

இடையிடையே பொந்து முணுமுணுத்தது. “பச்சைச் சட்டை… பச்சைச் சட்டை…” பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி. அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் வேலை பார்த்தாள்.

கீழ்க்கிளைகள் தீர்ந்தன. மெஷின் அணைந்தது. “வரவா?” என்றாள்.

“வா!”

அவள் எல்லைக் கயிற்றைத் தாண்டினாள். விழுந்த கிளையில் சிக்கிய சுருக்கை அவிழ்க்க அடிமரத்தை ஒட்டிக் குனிந்தாள். பெரிய கிளையை அறுத்தால் கூரையில் விழாதபடி அவன் அதைக் கயிற்றில் கட்டியிருந்தான். அறுந்ததும் அது ஊஞ்சலாடிக்கொண்டு வந்து அடிமரத்தில்தான் மோதும். அவள் நிற்கிற இடத்தில்.

“கடைசிக் கிளை!” என்று மேலேயிருந்து அவன் கத்தினான். “வெளியில நிக்கிறியா? வெட்டவா?”

குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். உள்ளே கூப்பிட்டவன் இப்படியா கேட்பான்? அவள் ‘வரவா’ என்றது அவன் காதில் விழவே இல்லை, ‘வா’ என்று சொன்னது அவனே இல்லை. அவளுடைய குரலுக்கு இத்தனை காபந்து பண்ணினார்களே, அவனுடைய குரலை யோசித்தார்களா, புத்தி கெட்டவர்கள்!

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் காதுக்குப் பக்கத்தில், பொந்துக்குள்ளிருந்து, அவள் குரல் சொன்னது:

“பயமா இருக்குங்க. இனிமே ஏறாதீங்க.”

அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. தலையணையிடம்கூடச் சொன்னதில்லை. அவள் நினைத்த அதே மெதுவோடு, தொண்டை கரகரக்கும் இடத்தில் கரகரத்து, அழாமல் அது சொன்னது. அவளுக்குக் கால் ஓடவில்லை. நம்மைப் பற்றி நாமே இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் ஓடும்?

மேலே மெஷின் உறுமவில்லை.

“ஏய்!” என்றான் அவன். குரல் நடுங்கியது. “அது நீயா?”

ஆமாம் என்றால் வெட்டுவான். அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தினாள். “நான் இல்ல! நான் சொல்லல! வெட்டாதீங்க, உள்ளே நிக்கிறேன்!”

கயிற்றைத் தாண்டி வெளியே வந்து விழுந்தாள். எழுந்து நின்று, “நான்தான்! வெளியிலதான் நிக்கிறேன்! உங்க கோணல் மீசை மேல சத்தியம்!” என்றாள். பெரிய கிளை அறுந்தது, ஊஞ்சலாடி வந்து பொந்துக்கு நேராக மோதிச் சிதறியது. சுவருக்கு அந்தப் பக்கம் கூரையில் ஒரு சுள்ளிகூட விழவில்லை. மொட்டை மரத்தை அடுத்த வாரம் பெரிய மெஷின் வந்து பிடுங்கிக்கொள்ளும்.

வேனின் பின்னால் நின்று அவன் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவளுக்கு முதுகைக் காட்டியபடி ஓயாமல் பேசினான். மாசக்கணக்காக அடைத்து வைத்தது எல்லாம் கொட்டியது.

“எப்படிக் கண்டுபிடிச்சேன் கேளு. சட்டை சொன்னே, மீசை சொன்னே, அதெல்லாம் நீ. ஆனா பயமாம்! ஏறாதீங்களாம்! நீ அப்படிச் சொல்ற ஆளா? அங்கதான் அந்தச் சனியன் மாட்டிக்கிச்சு.” சிரித்துக்கொண்டே கயிற்றை உதறினான். “உன் நாக்குதான்டி இன்னைக்கு உன்னைக் காப்பாத்துச்சு. அடுத்த வாரம் இதைவிட உசரமா ஒண்ணு வருது. நாமளே எடுத்துக்கலாம்.”

அவள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. முழங்காலை அவன் லேசாக மடக்கி மடக்கி வைத்தான், வலி. இனியும் விழுங்க அவளால் முடியவில்லை.

“பயமா இருக்குங்க” என்றாள். “இனிமே ஏறாதீங்க.”

அவன் கை கயிற்றில் அப்படியே நின்றது. திரும்பவில்லை. அவன் பார்த்தது கேட்டுக்கு உள்ளே, முற்றத்தில் நின்ற மொட்டை மரத்தை.

“வாயை மூடு, சனியனே!” என்று அதைப் பார்த்துக் கத்தினான். பிறகு குரலைத் தாழ்த்தி, “கேட்டியா? இன்னும் விடல பாரு. வா, கிளம்பிடலாம்” என்றான்.

“ஆமாங்க” என்றாள் அவள். “கேட்டுச்சு.”