அரசர் முகத்தோடு வந்த பணம்

எங்கள் மலைப்பக்கம் வெண்ணெய்தான் பணமாக இருந்தது. வரியும் வெண்ணெயில்தான் கட்டினோம். கோடையில் உருகும், நாய் நக்கும், எலி பங்கு கேட்கும். ஆனாலும் கொடுத்து வாங்க ஒரு சிக்கலும் இல்லை. வெண்ணெய்க்கு முகம் கிடையாது. பிறகு எங்கள் மலைநாட்டு அரசாங்கம் ஙுல்ட்ரம் என்று சொந்தப் பணம் அடித்து, அதில் அரசர் படத்தையும் போட்டது. என் தொல்லை அங்கே ஆரம்பித்தது.

அந்த வருஷம் ஹா என்ற ஊரில் இருந்த அதிகாரிகளுக்குப் பாலாடைக்கட்டி விற்று, முதல் தடவையாகப் புதுத் தாள்களை வாங்கி வந்தேன். பனி விழுந்து கணவாய் மூடுவதற்குள் அடிவாரத்துச் சம்ச்சிக்குப் போய் உப்பு வாங்கியாக வேண்டும். உப்பு இல்லாவிட்டால் குளிர்காலம் முழுக்கச் சப்பென்ற வெண்ணெய்த் தேநீர்தான். அதைக் குடிப்பதைவிடப் பனியில் படுத்துக்கொள்ளலாம்.

புறப்படும் நேரத்தில் தாள்களைக் காணோம். என் மனைவி தாகோ அவற்றைச் சாமி மாடத்தில், நெய்விளக்குக்கு முன்னால் வரிசையாக நிறுத்தியிருந்தாள்.

"உப்பு வாங்க வெச்சிருந்தேனே, தாகோ."

"அரசர் முகம் இருக்குல்ல? வேற எங்க வைக்கறதாம்? உன் மடியிலயா? அதுக்குள்ள சுண்ணாம்பு, வெத்தலை, போன வருஷத்துப் பாலாடைக்கட்டி எல்லாம் கிடக்கு."

"பணம்னா செலவு பண்ணத்தான்."

"தாராளமா பண்ணு. மாடத்துல வெச்சதைத் தொடாம பண்ணு."

வீடு அவளுடையது. எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் மூட்டை முடிச்சோடு பெண் வீட்டுக்கு வருகிறவன். வந்தவன் ரொம்பச் சத்தம் போட முடியாது.

'வெறும் காகிதம்தானே' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்று நம்பி, கோயில் லாமா ஊக்யெனிடம் போனேன். நான் கேட்டதும் அவர் எழுந்து கதவைச் சாத்தினார். சுவடிக் கட்டுக்குள்ளிருந்து அதே மாதிரி இரண்டு தாள்களை உருவிக் காட்டினார்.

"காணிக்கையா வந்ததுப்பா. எனக்குச் சர்க்கரை தீந்து போச்சு. இதை எடுத்துக் குடுக்கவும் கை வரல, தேநீரும் இறங்கல."

"அப்ப என்னதான் வழி, லாமா?"

நெடுநேரம் மாலையை உருட்டினார். "அரசர் யாத்திரை கிளம்புறார்னு சொல்லிப் பாரு. நீ கூடப் போற ஆளு, அவ்வளவுதான்."

தாகோ ஒத்துக்கொண்டாள். ஆனால் யாத்திரை என்றால் யாத்திரை மாதிரியே நடக்க வேண்டும் என்றாள். தாள்களைப் பட்டில் சுற்றி, பெட்டியில் வைத்து, கறுப்பன் என்ற எங்கள் கோவேறு கழுதையின் முதுகில் கட்டினாள். அதில் நான் ஏறக் கூடாது. பின்னால் வந்த இன்னொரு கழுதையிலும் ஏறக் கூடாது, அரசருக்குச் சமமாக உட்காருவது மரியாதை இல்லையாம். மழை வந்தால் குடை பெட்டிக்கு. மழை வந்தது. அவளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நனைந்தேன். எதிரே வந்த ஒருவன், "கழுதைக்குக் காய்ச்சலா, அண்ணே?" என்று விசாரித்துவிட்டுப் போனான்.

சம்ச்சியில் பன்சிலால் சேட்டு கடையில் பட்டைப் பிரித்துத் தாள்களை நீட்டினேன்.

"இந்திய ரூபாய்க்குச் சரிசமம்தானே? எடுத்துக்கறேன்," என்றார் சேட்டு. கட்டைவிரலை நாக்கில் தொட்டு அரசரின் நெற்றியில் வைத்துத் தள்ளினார். அடுத்த அரசருக்கும் ஒரு எச்சில். பிறகு எல்லாவற்றையும் சுருட்டிப் பணப்பெட்டிக்குள் திணித்து, மூடி, அதன்மேலேயே உட்கார்ந்தார்.

வழி நெடுகப் பெண்டாட்டியைக் கேலி செய்துகொண்டு வந்தவன் நான். எனக்கே அது பொறுக்கவில்லை.

"சேட்டு, கொஞ்சம் எந்திரிங்க."

அவர் எழுந்தார். பெட்டியைத் துண்டால் தட்டித் துடைத்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"அதைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"உப்பு வேண்டாமா?"

"வேணும். அதுக்குப் பதிலாக் கறுப்பனை எடுத்துக்குங்க."

சேட்டு வாசலில் நின்ற கழுதையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெரிய நஷ்டத்துக்கு இறங்கி வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு சரி என்றார்.

மிச்சமிருந்த கழுதையின் மேல் உப்பு, என் முதுகில் அரசர். கணவாயைத் தாண்டும்போது பனி தொடங்கிவிட்டது.

வாசலிலேயே தாகோ பிடித்துக்கொண்டாள். "கறுப்பன் எங்க?"

சொன்னேன்.

"மூளை இருக்கா உனக்கு? காகிதத்தைக் காப்பாத்த யாராவது கழுதையை விப்பாங்களா? செலவு பண்ணத்தானே குடுத்தனுப்பினேன்."

"சேட்டு அதுமேல உக்காந்தாரு, தாகோ."

அவள் கிட்டே வந்தாள். "முழுசா உக்காந்தாரா?"

"முழுசா."

அவள் உள்ளே போய் எனக்குத் தேநீர் கடைந்தாள், உப்பைத் தாராளமாகப் போட்டாள். அந்தக் குளிர்காலம் முழுக்கக் கறுப்பன் சுமக்க வேண்டிய விறகை நான் சுமந்தேன். ஒரு நாள்கூட வருத்தப்படவில்லை என்று சொன்னால் அது பொய்.