இருபத்தேழாம் தகடு

கணவனும் மனைவியும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை. அவர் விஞ்ஞானி, அவள் தகடு பார்ப்பவள். அணுவுக்கும் உள்ளே இருக்கிற துகள்கள் பாய்ந்து போனால், மருந்து பூசிய கண்ணாடித் தகட்டில் முடியைவிட மெல்லிய கோடு விழும். அதை மைக்ராஸ்கோப்பில் தேடித் தேடிப் பதினொரு வருடத்தில் அவளுக்கு மூக்குக்கண்ணாடி வந்ததுதான் மிச்சம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. சந்தேகமான கோடு கண்ணில் பட்டால், தகட்டின் பின்பக்கம் சிவப்பு மையால் புள்ளி வைக்க வேண்டும். விஞ்ஞானி அந்த இடத்தைத் தானும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். இவர் எங்கே பார்த்தார்? "நீ பார்த்தா நான் பார்த்த மாதிரி" என்று நாற்பது தகட்டுக்கு ஒரே மூச்சில் கையெழுத்துப் போடுவார். அதைக் கேட்டு அவளுக்கு உச்சி குளிர்ந்த காலமும் உண்டு.

போன மாதம் தலையில் இடி விழுந்தது. இவர்கள் தேடிய துகளை வேறொரு கூடத்தார் கண்டுபிடித்துவிட்டார்கள். கணவர் பழைய தகடுகளைக் கிளறினார். நான்கு வருடத்துக்கு முந்தைய இருபத்தேழாம் தகட்டில் அதே கோடு, இரண்டாகக் கிளைத்துக் கிடந்தது. கூடத்தின் தலைவர் விளக்கம் கேட்டார். தகடு பார்த்தவர் குறிக்கத் தவறிவிட்டார் என்று கணவர் எழுதிக் கொடுத்தார். அவளுக்கு வேலை போயிற்று.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் வேலையாவது மிஞ்சட்டுமே" என்றார் வீட்டில், சாப்பிட்டுக்கொண்டே. தப்பு தன்னுடையதுதான் என்று நம்பி அவள் ஒரு வாரம் அழுதாள்.

மேசையைக் காலி செய்யப் போன அன்று, அந்தத் தகட்டை ஒருமுறை கேட்டு வாங்கிப் பார்த்தாள். பின்பக்கம் முழுக்கத் தூசி. கிளைத்த கோட்டுக்கு நேர் பின்னால் மட்டும் விரல்நுனி அளவுக்குத் துடைத்திருந்தது. ஓரத்தில் சிவப்பு மை லேசாக ஈஷியிருந்தது.

தகட்டோடு நேரே கணவரின் அறைக்குப் போனாள். தகட்டைப் பார்த்ததும் அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"தலைவர்கிட்ட போயிடாத. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

"கால்ல எல்லாம் விழ வேணாம். நாலு வருஷத்துக்கு முன்னாடி பார்க்க வேண்டியதை இப்ப ஒரு தடவை பாருங்க, போதும்."

தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அவர் குனிந்து, குமிழைத் திருகித் திருகிப் பார்த்தார். கடைசியில் தலை நிமிராமலே, "எங்க இருக்கு?" என்றார்.

"நான் புள்ளி வெச்ச இடத்துல."

தகட்டை உருவிக்கொண்டு தலைவர் அறைக்கு நடந்தாள்.