நானூறு கிராம் ஈயம்

ஒரு கழுத்தின் விலை பதினாலு மாதச் சம்பளம். படையின் இழப்பீட்டு அட்டவணையில் அப்படித்தான் போட்டிருந்தது. முழங்கால் அதைவிடக் கொஞ்சம் மலிவு. பேரம் கிடையாது.

இந்தக் கழுத்துக்குச் சொந்தக்காரர் ராணுவ ஹெலிகாப்டரில் துணை விமானி. கழுத்து நீளம் என்பதால் எல்லோருக்கும் ‘கொக்கு’. இருட்டில் பறக்கும்போது, ஹெல்மெட்டின் நெற்றியில் இருட்டிலும் பார்க்க உதவும் இரவுக் கண்ணாடியை மாட்டிக்கொள்ள வேண்டும். அது தலையை முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். இறங்கும்போது பிடரி கல்லாகியிருக்கும். டாக்டரிடம் சொன்னால் பறக்கவிடாமல் தரையில் உட்காரவைத்துவிடுவார். அடுத்த மாதம் வரவேண்டிய கேப்டன் இருக்கை கைமாறிவிடும். கொக்கு வாயே திறக்கவில்லை.

மாமனாருக்குப் பழைய இரும்புக் கடை. எடை போட்டே பிழைத்த வீட்டில் பெண் எடுத்தவருக்கு வைத்தியமும் தராசில்தான் தோன்றியது. ஹெல்மெட்டின் பின்புறம் எதிர் எடைக்கென்று ஒரு சின்னப் பை உண்டு. கடையிலிருந்து ஈயத்துண்டுகளைக் கொண்டுவந்து, ஹெல்மெட் முன்னும் பின்னும் சாயாமல் நிற்கும்வரை அதில் திணித்தார்.

மனைவி அதைத் தூக்கிப் பார்த்தாள்.

“முள்ளு நேராத்தாங்க நிக்குது. தராசைத் தூக்கிட்டு நிக்கிறது யாரு?”

“உங்கப்பா கடையில யாரும் இப்படிக் கேட்டதில்லையே.”

“எங்க தராசு உத்தரத்துல தொங்குது. இது எதுல தொங்குது?”

கொக்கு சிரித்து மழுப்பிவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் சுகமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள், இருட்டத் தொடங்கிய நேரத்தில், திடலில் இறங்கும்போது கேப்டன் கேட்டார்: “இடது பக்கம் எப்படிப்பா?”

கொக்கு திரும்ப முயன்றார். கழுத்து வரவில்லை. “கிளியர் சார்” என்று வாய் மட்டும் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

கேப்டன் எதற்கும் என்று எட்டிப் பார்த்தார். ஹெலிகாப்டர் சட்டென்று மேலே எழும்பியது.

“கிளியர்னா, கம்பத்தோட சேர்த்தா?”

மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலே, கொக்கு ஹெல்மெட்டும் கையுமாக டாக்டர் முன் போய் நின்றார்.

“திரும்ப முடியல சார். பார்க்காமலே பார்த்தேன்னு சொல்லிட்டேன்.”

டாக்டர் பையைத் திறந்தார். “இது யார் சொன்ன வைத்தியம்?”

“மாமனார் வீட்டு வழக்கம் சார்.”

“நூறு கிராம் இருக்கட்டும். மீதியை மாமனாருக்கே திருப்பிக் குடுங்க.”

ஹெல்மெட் ஒன்றரைக் கிலோ, கண்ணாடி அறுநூறு கிராம், அதன் பாட்டரி இருநூறு, ஈயம் நானூறு: ஆக இரண்டு கிலோ எழுநூறு. கழிவு முந்நூறு. அதற்குக் கொடுத்தது ஆறு வாரத் தரைவாசமும் ஒரு கேப்டன் இருக்கையும். கழுத்தின் பேரில் இன்னும் பற்று, இரண்டு கிலோ நானூறு.