பன்னிரண்டு மணி வரை மௌனம்

ஐம்பது வயதானதும் அவருக்கு ஞானம் வந்தது. இனி ஒவ்வொரு நாளையும் உணர்ந்து வாழப்போகிறேன் என்று வேலையை விட்டார். வெள்ளை உடை, தரையில் பாய், பகல் பன்னிரண்டு மணி வரை மௌனம். தெருவில் அவருக்குச் சாமியார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நன்றாக வாழட்டும், யார் வேண்டாம் என்றது? அந்த வெள்ளை உடையைத் துவைப்பது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

துவைத்தவள் அவர் மனைவி. ஆஸ்பத்திரியில் நின்ற காலோடு படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தால் மறுபடியும் துணி. நாற்பத்தெட்டு வயதில் அவளுக்கும் வாழ்க்கையை மாற்றிக்கொள்ள ஆசை இருந்தது. ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் மேற்பார்வை வேலைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"சனிக்கிழமை காலைல கூப்பிடுவேன். சம்மதம்னா அப்பவே சொல்லிடுங்க. இன்னொருத்தரும் காத்திருக்காங்க" என்றிருந்தார் ஹோட்டல் மேனேஜர் அம்மா.

சனிக்கிழமை காலை முழுக்க அவள் போனைவிட்டு நகரவில்லை. அப்போது பார்த்து அந்தப் பாழாய்ப்போன மழை வந்தது. மாடியில் அவருடைய துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"ஹோட்டல்லேருந்து போன் வந்தா, அவ வரான்னு சொல்லிடுங்க. ரெண்டே வார்த்தை" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அவர் கண்ணை மூடியபடியே தலையாட்டினார்.

ஈரத் துணியோடு அவள் இறங்கி வந்தபோது, அவர் போனை அலுங்காமல் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

"அவங்களா? சொல்லிட்டீங்களா?"

அவர் புன்னகையோடு உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போனை எடுக்கத் தெரிந்த மனுஷனுக்கு வாயைத் திறக்க வலித்ததா? அவளே மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"மூணு தடவை கேட்டேம்மா. மூச்சு விடுற சத்தம்தான் கேட்டுச்சு. உங்களுக்கு இஷ்டமில்லன்னு நெனச்சு இப்பதான் காத்திருந்த அந்த இன்னொருத்தரை வரச் சொன்னேன்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். "வேற எதுவும் இல்லையா மேடம்?"

"வெளியூர் கிளைல ஒண்ணு இருக்கு. அங்கேயே தங்கணும். குடும்பம் இருக்கிறவங்க யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

அவள் பாயைப் பார்த்தாள். அவர் முதுகை நிமிர்த்தி, முகத்தில் அதே அமைதியோடு உட்கார்ந்திருந்தார். அந்த அமைதிக்கு இத்தனை நாளும் தண்ணீர் ஊற்றி வளர்த்தது தான்தான் என்பதை நினைக்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அவர்மேல் மட்டுமல்ல, தன்மேலும்.

"நான் வரேன் மேடம். திங்கக்கிழமையே வரேன்."

போனை வைத்தாள். ஈரத் துணிக் குவியலை அப்படியே அவர் மடியில் போட்டாள்.

"அப்போ எனக்குச் சாப்பாடு?" என்றார் அவர்.

அவள் உதட்டின்மேல் விரலை வைத்துச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். பன்னிரண்டு ஆக இன்னும் அரை மணி இருந்தது.