ஐரின் தொடாதே என்று சொன்ன பெட்டி

"இன்னிக்கு மட்டும் அதத் தொடாத தியோ" என்று ஐரின் காலையில் சொன்னபோது தியோடர் சப்பாத்தியை மென்றுகொண்டிருந்தான். தலையை மட்டும் ஆட்டினான். அந்தத் தலையாட்டலுக்கு எவ்வளவு மதிப்பு என்று கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குத் தெரியும். ஆனாலும் நம்பினாள். அன்று சனிக்கிழமை. மதியம் மூன்று மணிக்கு அவளுக்கு இன்டர்வியூ. ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியர் வேலை. வீடியோ காலில் பேசவும் வேண்டும், கீபோர்டில் வாசித்துக் காட்டவும் வேண்டும்.

'அது' என்பது ஒரு கறுப்புப் பெட்டி. டிபன் பாக்ஸைவிடச் சற்றுப் பெரியது, முன்பக்கம் ஒரு நீல விளக்கு. ஏதோ ஆபீஸ் தன் ஃபைல்களைச் சேர்த்து வைக்க வாங்கி, பழசானதும் தூக்கிப் போட்டது. தியோடர் அதை எடுத்துவந்து, உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினான். முதலில் போட்டோக்களை வைத்தான். பிறகு விளம்பரங்களைத் தடுக்க வைத்தான். கடைசியில், வீட்டுக்கு வரும் இன்டர்நெட் மொத்தமும் அந்தப் பெட்டியின் வயிற்றுக்குள் புகுந்து வெளியே வந்த பிறகுதான் வைஃபை ரூட்டருக்குப் போகலாம் என்று ஆக்கிவிட்டான். கீழ்வீட்டில் இருக்கும் ஓனர் க்ளென் அங்கிளுக்கும் அதே இணைப்புதான். யாரும் கேட்காத சேவை. அதைச் செய்துவிட்டு, மேம்பாலம் திறந்த மந்திரி மாதிரி ஒரு வாரம் திரிந்தான்.

ஐரின் இன்டர்வியூவுக்கான புடவையை இஸ்திரிக் கடையிலிருந்து வாங்கிவரக் கிளம்பினாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் தியோடரின் விரல் அரித்தது. லினக்ஸின் புதுப் பதிப்பு வந்து பல வாரம் ஆகிறது. ஆபீசில் அவன் வேலையே அடுத்தவர் எழுதிய மென்பொருளைச் சோதிப்பது. சனிக்கிழமை பெரிய மாற்றம் எதுவும் செய்யக் கூடாது என்று தன் டீமுக்கு வகுப்பெடுப்பவன் அவன்தான். அந்த வகுப்பு அவனுக்குப் பொருந்தாது. "அரை மணி நேர வேலை" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஆரம்பித்தான்.

பெட்டி நடுவில் கேள்வி கேட்டது. பழைய அமைப்பை அப்படியே வைத்துக்கொள்ளவா? பாத்திரக் கடையில் தள்ளுபடி என்று கேள்விப்பட்டவன் மாதிரி எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம் என்று தட்டிக்கொண்டே போனான். எல்லாம் முடிந்தது, மறுபடி துவக்கவும் என்றது. துவக்கினான்.

நீல விளக்கு அணைந்தது, எரிந்தது, நிதானமாகக் கண் சிமிட்டியது. ஆனால் பெட்டி பேசவில்லை. லேப்டாப்பிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தான், பதில் இல்லை. பெட்டிக்குத் திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. என்ன வலி என்று சொல்ல வாயில்லாத ஜீவன். மின்சாரத்தைப் பிடுங்கி மறுபடி கொடுத்தான். விளக்கு அதே நிதானத்தோடு சிமிட்டியது. அந்த நிதானம்தான் அவனைக் கொன்றது.

கீழேயிருந்து க்ளென் அங்கிளின் குரல் வந்தது. "தியோ, என்னா மேன், டிவி நின்னுடுச்சு. ரேஸ் ஸ்டார்ட் ஆவுற நேரம்."

"லைன் ப்ராப்ளம் அங்கிள். ரோடு எங்கியோ தோண்டறாங்க போல. கேபிள் அறுந்திருக்கும்."

பெங்களூரில் இந்தப் பொய்யை யாரும் சந்தேகப்பட முடியாது. எந்நேரமும் எங்கேயோ ரோடு தோண்டிக்கொண்டுதான் இருப்பார்கள். தியோடர் கணக்கில் விட்டது ஒன்று உண்டு. குதிரை ஓடுவதைப் பார்க்க முடியாத க்ளென் அங்கிள் சும்மா உட்காரமாட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு தோண்டுகிறவர்களைத் தேடிப் போனார். இரண்டு தெரு தள்ளி சாக்கடைக்குப் பள்ளம் தோண்டுகிறவர்களைக் கண்டுபிடித்து, கன்னடத்திலும் தமிழிலும் இங்கிலீஷிலும் திட்டத் தொடங்கினார். புடவையோடு அந்த வழியாக வந்த ஐரின் அதைப் பார்த்தாள். கேபிள் என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்குக் கதை முழுக்கப் புரிந்துவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்தாள். கத்தவில்லை.

"தொட்டியா?"

"சின்ன அப்கிரேடு. அவ்ளோதான்."

"அங்க அந்த ஆளுங்க பாவம், திட்டு வாங்கிட்டு நிக்கிறாங்க."

பின்னாலேயே க்ளென் அங்கிளும் ஏறி வந்தார். "அவங்க கேபிள் பக்கமே போகலியாம் மேன்" என்றவர், பெட்டியையும் தியோடரின் முகத்தையும் பார்த்தார். "சும்னே இருந்தத நோண்டிட்டியா?" சும்மா என்பது அவர் வாயில் எப்போதும் கன்னடம்தான்.

போனில் இன்டர்நெட் எடுத்துச் சமாளிக்கலாம் என்றால், அந்த வீட்டுக்குள் சிக்னல் பால்கனியோடு நின்றுவிடும். பால்கனியில் கீபோர்டு வைக்க இடமில்லை. எதிரே இறைச்சிக் கடை வேறு.

"பெட்டிய நடுவுலேருந்து எடுத்துட்டு லைன நேரா ரூட்டர்ல சொருவு" என்றாள் ஐரின்.

"ரூட்டர் செட்டிங்க மாத்தணும். அதுக்குப் பாஸ்வேர்டு வேணும்."

"போடு."

தியோடர் தரையைப் பார்த்தான். "பாஸ்வேர்டு பெட்டிக்குள்ள இருக்கு."

க்ளென் அங்கிள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரேஸ் போனாலும் நல்ல காட்சி கிடைத்த திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. ஐரின் கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, ரூட்டரின் பின்னால் இருந்த சின்ன ஓட்டையில் குத்திப் பிடித்தாள். ரூட்டர் எல்லாவற்றையும் மறந்து, கடையிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பியது. அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் படித்துப் போட்டாள். இன்டர்நெட் வந்தது.

வந்தது மட்டுமில்லை, பாய்ந்தது. கீழே போன க்ளென் அங்கிள் படியிலிருந்தே கூவினார். "தியோ, இப்ப அந்த வட்டம் சுத்தவே இல்ல மேன். குதிர வாலுல ஒவ்வொரு மயிரும் தெரியுது."

ஐரின் மெதுவாகத் திரும்பினாள். "அப்ப இத்தன நாளா?"

பெட்டி பழையது. வரும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் அதனால் கடத்த முடியும். இது தியோடருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டை முன்னேற்றுகிறேன் என்று குழாயில் துணியை அடைத்து வைத்திருந்தான்.

"வெளிய போ. அதையும் எடுத்துட்டுப் போ" என்றாள்.

மாடிப்படியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பில் மாட்டினான். பெட்டி எழுதி வைத்திருந்த பதிவுகளைப் படித்தான். அது சாகவே இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக எழுந்திருக்கிறது. கேபிள் சொருகும் வாய்களுக்குப் புது லினக்ஸ் வேறு பெயர் வைத்துவிட்டது. இவன் எழுதிய பழைய அமைப்பிலோ பழைய பெயர்கள். பெட்டி பழைய பெயர்களைக் கூப்பிட்டு, யாரும் வராததால் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

ரேஸ் முடிந்து மேலே வந்த க்ளென் அங்கிளிடம் அதைச் சொன்னான்.

"பேர் மாத்துனத யாரும் சொல்லலியா உனக்கு?"

"சொல்லியிருக்காங்க அங்கிள். ரிலீஸ் நோட்ஸ்ல இருக்கு. நான் படிக்கல."

இன்டர்வியூ தொடங்கியிருந்தது. உள்ளேயிருந்து கீபோர்டு கேட்டது. ஐரின் ஒரு துதிப்பாட்டை எடுத்து, நடுவில் திருப்பி, கல்யாண பேண்டு மாதிரி ஆட வைத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நன்றாக வாசிப்பாள் என்பதை மறந்தே போயிருந்தான். வீட்டில் அவள் வாசிக்கும்போதெல்லாம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இந்தப் பெட்டியோடுதான் பேசிக்கொண்டிருப்பான். வெட்கமாக இருந்தது. பெயர்களைத் திருத்தி, டிஸ்க்கைத் திரும்பப் பொருத்தினான். திருகு ஒன்று படியில் உருண்டு போனது, தேடப் போகவில்லை. பாட்டு முடியும்வரை அசையாமல் இருந்தான்.

கதவு திறந்தது. "நேர்ல வரச் சொல்லியிருக்காங்க" என்றாள். அடுத்த வாரம் போனாள், வேலையும் கிடைத்தது.

பெட்டி அலமாரிக்குப் போனது. ஒரு நாள் க்ளென் அங்கிள் போனோடு மேலே வந்தார். "தொப்பையக் கொறைங்கன்னு காலைலேருந்து ஒருத்தன் சொல்லிக்கிட்டே இருக்கான். யார் மேன் இவன்?"

விளம்பரங்கள் திரும்பிவிட்டன. தியோடர் இந்த முறை முதலில் ஐரினிடம் போனான். பெட்டி நடுவில் நிற்காது, ஓரமாக இருந்து விளம்பரங்களை மட்டும் தடுக்கும் என்று விளக்கினான்.

"அது செத்தா நெட்டும் சாவுமா?"

"இல்ல. க்ளென் அங்கிளுக்குத் தொப்பை விளம்பரம் வரும். அவ்ளோதான்."

ஐரின் கொஞ்சம் யோசித்தாள். "அவரு தொப்பை அவரு பாடு. போடு" என்றாள்.