துரைக்குத் தைத்த மெத்தை

ஊரில் பாதிப் பேருக்கு மெத்தை தைத்துக் கொடுத்த மனுஷனுக்கு ஒரு பூனை தண்ணி காட்டியது. பெயர் துரை. மெத்தைக்காரரின் அக்கா வளர்த்த பூனை, வாசற்படி தாண்டியறியாதது. அக்கா கண்மூடியதிலிருந்து அவள் கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கிவிட்டது. எதை வைத்தாலும் மோந்துகூடப் பார்க்கவில்லை. "துரையப் பட்டினி போட்டுடாதடா" என்பதுதான் அக்கா கடைசியாகச் சொன்னது. இப்போது அதன் விலா எலும்பெல்லாம் வெளியே தெரிந்தது.

மெத்தைக்காரர் விடுவாரா? வெயில் விழும் ஜன்னலோரம் ஒரு திண்டு தைத்துப் போட்டார். அலமாரி உச்சியில் விரிப்பு. அட்டைப்பெட்டியில் வாசல் வெட்டி உள்ளே கம்பளி. துரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"மகாராஜாவுக்கு வேற என்னதான் வேணுமாம்?" என்றாள் மனைவி.

தொழில் புத்தி எங்கே போகும்? பழைய பஞ்சை வீணாக்காத ஆள் அவர். பிரித்து, அடித்து, புது உறையில் திணித்துவிடுவார். அன்றைக்குக் கையில் அகப்பட்டது அக்காவின் தலையணை. அந்தப் பஞ்சில் புசுபுசுவென்று ஒரு குட்டி மெத்தை தைத்துக் கட்டிலில் போட்டார். துரை வெளியே வந்தது. முன்காலால் மிதித்து மிதித்துப் பார்த்து, ஓரமாகச் சுருண்டது. சாயங்காலம் தட்டை நக்கிக் காலி செய்தது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் மெத்தையில் ஒரு பள்ளம். பூனை படுத்த ஓரத்தில் அல்ல, நடுவில். புதிதாய் அடித்த பஞ்சு அவ்வளவு சீக்கிரம் அமுங்காதே! தட்டிச் சரிசெய்தார். மத்தியானம் மறுபடி பள்ளம், ஒரு தலை அளவுக்கு. தொட்டால் வெதுவெதுப்பு. துரையோ அப்போது அடுப்படியில் தின்றுகொண்டிருந்தது. மனைவியைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

"முதல்ல அதத் தூக்கிக் கொளுத்துங்க. எனக்குப் பயமா இருக்கு."

எடுத்துக் கொல்லையில் வைத்துப் பார்த்தார். துரை மறுபடி கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது, தட்டு அப்படியே கிடந்தது. வேறு வழியில்லாமல் திரும்பக் கொண்டுவந்தார்.

"இல்லேன்னா அது செத்துரும்டி."

"அதுக்காக?"

அதற்காக மட்டுமில்லை. வெறும் பலகைக் கட்டிலில் படுத்த அக்கா, "எனக்கொரு மெத்தை தைச்சுக் குடேன்டா" என்று கேட்டபோதெல்லாம், "இந்த ஆர்டர் முடியட்டும்க்கா" என்றவர் அவர். ஆர்டர் என்றைக்கு முடிந்தது? நினைத்து நினைத்து வாய்விட்டு அழுதார். கடையை அடைத்துவிட்டு, அந்தப் பஞ்சோடு புதுப்பஞ்சு கலந்து, கட்டில் நீளத்துக்கு ஒரு மெத்தை தைத்தார். "நல்லாக் கால நீட்டிப் படுக்கா" என்று சொல்லி விரித்தார்.

காலையில் தலை, தோள், இடுப்பு, குதிகால் எல்லாம் மெத்தையில் பதிந்திருந்தன. கால்மாட்டில் துரை வயிறு முட்டத் தின்ற களைப்பில் கிடந்தது. ஆனால் பள்ளம் நடுவில் இல்லை, சுவரை ஒட்டி இருந்தது. சின்ன வயதில் அவர் இருட்டுக்குப் பயந்து ஓடி வந்தால், அக்கா இப்படித்தான் சுவரோரம் நகர்ந்து இடம் கொடுப்பாள்.

"என்னங்க, அங்க தனியா என்ன பண்றீங்க? வெளிய வாங்க!" மனைவி அறை வாசலிலேயே நின்று கூப்பிட்டாள்.

துரை எழுந்து வந்து, காலியாய் இருந்த பக்கத்தை முன்காலால் மெதுவாக மிதிக்க ஆரம்பித்தது. மெத்தைக்காரர் கழுத்தில் கிடந்த அளவுநாடாவைக் கழற்றி ஜன்னலில் வைத்தார்.